மூச்சை உள்ளே இழுத்துச் சொன்ன ‘ஆமாம்’

போன இதழில் ஒரு வாசகியின் நாலு வரிக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, நானும் ஆறு வருடம் ஒரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டுக்காரரைக் காதலித்தவள்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழின் பக்கங்களை முழுக்க அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். யாருடைய பெயரும் ஊரும் இங்கே இல்லை. சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், மன்னிக்கவும்.

கேள்வி: ஆறு வருடம் தூரத்திலிருந்தே காதலித்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் இருவருக்கும் எதில் அதிகம் சண்டை வந்தது?

பதில்: அந்தப் பக்கத்திலிருந்து வராத சத்தத்தால்.

என் கணவர் பின்லாந்துக்காரர். போனில் நான் பேசிக்கொண்டே போவேன். மறுமுனையில் ஒன்றும் கேட்காது. ஒரு ‘ம்’ கூட வராது. “லைனில் இருக்கீங்களா?” என்று கேட்டால், “இருக்கிறேனே” என்பார், ஏன் இப்படி ஒரு கேள்வி என்கிற வியப்போடு. இதையாவது பொறுத்துக்கொண்டேன். இதைவிட மோசமாக ஒன்று இருந்தது. நான் முக்கியமான எதையாவது சொல்லி முடித்தால், திடுக்கிட்டவர் மாதிரி சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார். என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று சொன்ன அன்று அப்படித்தான் இழுத்தார். சரி, பதறுகிறார் என்று நினைத்தேன். லீவு கிடைத்துவிட்டது, உங்கள் ஊருக்கு வரப்போகிறேன் என்று துள்ளிக் குதித்துச் சொன்ன அன்றும் அதே மூச்சு. நான் வருகிறேன் என்றால் இந்த மனிதர் ஏன் பதற வேண்டும்? அன்று இரவு நான் தூங்கவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மூன்றாவது வருடம் முதன்முதலாக ஹெல்சின்கி போனேன். டிராமில் எனக்கு முன்சீட்டில் ஒரு பாட்டி, காதில் போன். மறுமுனையில் யாரோ பேசப் பேச, இந்தம்மா வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் திடீரென்று அதே மூச்சு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை. ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி, கையுறையிலிருந்து பிரிந்து தொங்கிய ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் இவரை முழங்கையால் இடித்து, “அந்தம்மாவுக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. நான் அந்த மூச்சை இழுத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. அது ‘யோ’ என்கிற சொல். ‘ஆமாம்’ என்று அர்த்தம். அதை மூச்சை வெளியே விட்டும் சொல்வார்கள், உள்ளே இழுத்தும் சொல்வார்கள். தாங்கள் அப்படிச் சொல்வது அவர்களுக்கே தெரிவதில்லை. ஸ்வீடனிலும் நார்வேயிலும் இதே பழக்கம் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருடமாக அந்த மனிதர் எனக்கு ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். டிராமிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்து காதலிக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவருடைய அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸில் வரும் பாட்டி என்று நாலு பேரைப் பார்த்தால் ‘ஓ, இங்கே எல்லோரும் இப்படித்தான்’ என்று ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும். தூரத்தில் இருக்கும் நமக்கோ அந்த நாட்டில் தெரிந்த ஆள் ஒரே ஒருவர், அவரும் கையகலத் திரைக்குள் இருக்கிறார். அவர் செய்வதில் எது அவருடைய குணம், எது அவர் வளர்ந்த இடத்தின் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க நம்மிடம் வழியே இல்லை. அதனால் பழக்கத்தைக் குணம் என்று நினைத்துப் புண்படுகிறோம். சில சமயம் நேர்மாறாக, மோசமான குணத்தைப் பழக்கம் என்று நினைத்துப் பொறுத்துப் போகிறோம். எனக்கு இரண்டாவதுதான் பயம். அப்படியும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்லாந்துக்காரர்கள் பேசவே மாட்டார்கள் என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். என் நாத்தனார் பேச ஆரம்பித்தால் நமக்கு மூச்சு முட்டும். அவரும் ‘யோ’வை உள்ளிழுத்துத்தான் சொல்வார். அந்த மூச்சு அவர்கள் எல்லோருக்கும் பொது. அமைதி என் கணவருடைய சொந்தச் சொத்து. அதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

கேள்வி: நானும் ஜப்பானைச் சேர்ந்த ஒருவரும் இரண்டு வருடமாகக் காதலிக்கிறோம். நேரில் பார்த்தது இரண்டே முறை. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று அவர் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டில் எப்போது சொல்வீர்கள் என்று கேட்டால், “யோசிக்கிறேன்” என்கிறார். இன்னும் அழுத்திக் கேட்டால், “அது கொஞ்சம்...” என்று இழுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார். இது காதல்தானா?

பதில்: சகோதரி, நீங்கள் இரண்டு கவலையை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முதலாவது சின்னது, இரண்டாவது பெரியது. பிரித்துவிடுவோம்.

அவர் வாயால் சொல்லாததை வைத்து மட்டும் அளக்காதீர்கள். ஜப்பானிய மொழியில் ‘காதலிக்கிறேன்’ என்பதற்கு நேரான ‘ஐஷிதேரு’ மிகவும் கனமான சொல். கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களில்கூட அதை ஒரு முறையும் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். ‘சுகி’, அதாவது பிடித்திருக்கிறது, என்ற இலேசான சொல்தான் அதிகம் புழங்கும். ஆனால் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்வார்கள். ‘கொகுஹாகு’ என்று அதற்குப் பெயர். பிடித்திருக்கிறது, என்னோடு பழகச் சம்மதமா என்று முறையாகக் கேட்பார்கள். அந்தச் சம்மதத்திலிருந்துதான் இருவரும் ஜோடி. உங்களிடம் அவர் அப்படிக் கேட்டாரா? கேட்டிருந்தால் அவர் கணக்கில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. தினம் தினம் திருப்பிச் சொன்னால் அதன் எடை குறையும் என்றுகூட அவர் நினைக்கலாம்.

இரண்டாவதில் உங்களுக்கு நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. “அது கொஞ்சம்...” என்று அவர் இழுத்து நிறுத்துகிறாரே, ஜப்பானிய மொழியில் அது ‘சொத்தோ...’. அப்படி அரைகுறையாக நிற்கிற வாக்கியம் அங்கே முழு வாக்கியம். மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்த மீதி, ‘முடியாது’. “யோசிக்கிறேன்” என்பதும் பல நேரம் மறுப்பை மரியாதையாகச் சொல்லும் முறைதான். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1976-ல் இதைப் பற்றி எழுதினார். சில சமூகங்களில் அர்த்தத்தின் பெரும்பகுதி சொல்லாமல் விட்டதில் இருக்கும், சிலவற்றில் எல்லாமே சொன்ன சொல்லில் இருக்கும் என்றார். ஜப்பானை முதல் வகைக்கும், ஜெர்மன் பேசும் ஸ்விஸ்காரர்களை இரண்டாம் வகைக்கும் உதாரணமாக வைத்தார்.

ஆக, உங்களுக்கு இரண்டு வருடமாகப் பதில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ‘இப்போதைக்கு இல்லை’ என்பது அந்தப் பதிலாக இருக்கலாம். ‘ஒருபோதும் இல்லை’ என்பதாகவும் இருக்கலாம். இதை உறுதி செய்யாமல் மூன்றாவது வருடத்துக்குள் போகாதீர்கள். எப்போது என்று கேட்காமல், எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். வீடியோவில் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டாம், எழுதி அனுப்புங்கள். ஒரு வாரம் டைம் கொடுங்கள். அப்பாவின் உடல்நிலை, வேலை மாற்றம், நீங்கள் வந்து அங்கே எப்படி வாழ்வீர்கள் என்ற கவலை என்று ஏதாவது ஒரு பிடி கிடைக்கும். ஒரு வாரம் கழித்தும் “அது கொஞ்சம்...” என்றே வந்தால், அந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவர் ஜப்பானியர் என்பது, அவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்பதற்குத்தான் விளக்கம். உங்களைக் காக்க வைப்பதற்கு அது நியாயம் ஆகாது.

கேள்வி: என் காதலி ஜெர்மனியில் இருக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கு எங்கள் நேரம் சரியாக 12 மணி அடித்ததும் போன் செய்து வாழ்த்தினேன். சந்தோஷப்படவில்லை, முகம் வாடிவிட்டது. போன மாதம் இன்னொன்று. “டிசம்பரில் வரட்டுமா?” என்று கேட்டதற்கு, “யூ மஸ்ட் நாட் கம்” என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. நான் ரொம்பத் தொட்டால்சிணுங்கியா?

பதில்: இல்லை தம்பி. அந்த மெசேஜ் எனக்கு வந்திருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன். ஆனால் அவள் எழுதியது நீங்கள் படித்தது அல்ல.

ஜெர்மன் மொழியில் ‘முஸ்ட் நிஷ்ட்’ என்றால் ‘வேண்டியதில்லை, கட்டாயம் இல்லை’ என்று பொருள். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் ‘மஸ்ட் நாட்’, ‘வரக் கூடாது’ என்று ஆகிவிடும். ஜெர்மன்காரர்கள் ஆங்கிலத்தில் அடிக்கடி விழுகிற பள்ளம் இது. ‘சிரமப்பட்டு வர வேண்டியதில்லை, உன் வசதிப்படி செய்’ என்பதைத்தான் அவள் எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். இன்றே கேட்டுவிடுங்கள்.

பிறந்தநாள் விஷயத்தில் கடிகாரமும் உங்களுக்கு எதிராகச் சேர்ந்துகொண்டது. உங்களுக்கு 12 அடித்தபோது அவளுக்கு இன்னும் முதல் நாள் மாலைதான். ஜெர்மனியில் பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துவது கெட்ட சகுனம். ஒரு நாள் தாமதமாகச் சொன்னால்கூட மன்னிப்பார்கள், ஒரு மணி நேரம் முந்தினால் மனசு சுருங்கிவிடும். சகுனத்தை நம்பாதவர்களுக்கும் அப்படித்தான். அடுத்த வருடம் அவள் ஊர் 12 மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து வாழ்த்துகிறீர்கள் என்று தெரிந்தால் சந்தோஷம் இரண்டு மடங்கு.

இதில் என் அனுபவம் ஒன்றும் சேர்க்கிறேன். நாங்களும் இருவருக்குமே சொந்தமில்லாத மொழியில்தான் பேசினோம், சண்டையும் அதே மொழியில்தான். பின்னிஷ் மொழியில் ‘தயவுசெய்து’ என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் கிடையாது. பணிவு குரலிலும் வினைச்சொல்லின் வடிவத்திலும் இருக்கும். அதனால் இவருடைய ஆங்கிலத்தில் எல்லாமே கட்டளை மாதிரி ஒலிக்கும். “அனுப்பு.” “சொல்லு.” “நாளைக்குக் கூப்பிடு.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன், அவள் இரண்டுக்கும் அவர்கள் மொழியில் ‘ஹான்’ என்ற ஒரே சொல்தான் என்பதால், என் அம்மாவை நலம் விசாரிக்கும்போது ‘அவன் எப்படி இருக்கிறான்’ என்கிற தொனியில் கேட்பார். அது தெரிந்தபின் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டோம். எழுத்தில் வந்த எந்த வாக்கியத்துக்காகவும் கோபப்படக் கூடாது, “இதை உன் மொழியில் எப்படிச் சொல்வாய்?” என்று முதலில் கேட்க வேண்டும். பாதிச் சண்டை அந்தக் கேள்வியிலேயே கலைந்துபோகும். மீதிப் பாதி நிஜமான சண்டை, அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: லெபனான் நாட்டுப் பெண்ணோடு பழகுகிறேன். அரபியில் அவள் அனுப்பிய ஒரு செய்தியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். ‘நீ என்னைப் புதைப்பாயாக’ என்று வருகிறது. அவளுக்கு ஏதாவது மனக்கஷ்டமா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், அது கொஞ்சல். லெபனானிலும் சிரியாவிலும் ‘தொபுர்னி’ என்று சொல்வார்கள். நீ இல்லாத உலகத்தில் நான் இருக்கக் கூடாது, அதனால் உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும், என்னை நீதான் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அதன் உட்பொருள். தாய்மார் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கும்போதும் இதையே சொல்வார்கள். பாரசீக மொழியில் பிரியமானவரை ‘ஜிகர்’ என்பார்கள், அதாவது ஈரல். பிரெஞ்சில் ‘மா ப்யூஸ்’, என் தெள்ளுப்பூச்சியே. கொஞ்சல் மொழியைச் செயலியிடம் கொடுக்காதீர்கள், அவளிடமே அர்த்தம் கேளுங்கள். அவள் விளக்கிச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்ப்பதே தனி சுகம்.

கேள்வி: என் காதலர் தென் கொரியாவைச் சேர்ந்தவர். அறிமுகமான முதல் நாளே எந்த வருடம் பிறந்தாய் என்று கேட்டார். பிப்ரவரி 14-ம் தேதி ஒன்றுமே அனுப்பவில்லை, நான் கேட்கவும் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். ஆனால் ஏதோ ஒரு புதன்கிழமை பூங்கொத்து வருகிறது, ‘இன்று நமக்கு 100-வது நாள்’ என்று. நான் மறந்துவிட்டேன் என்று அவருக்கு வருத்தம். எனக்குத் தலை சுற்றுகிறது.

பதில்: கொரிய மொழியில் ஒருவரிடம் ஒரு வாக்கியம் பேச வேண்டும் என்றாலே அவர் மூத்தவரா இளையவரா என்று தெரிந்தாக வேண்டும். அதற்கேற்ப வினைச்சொல்லின் விகுதியே மாறும். ஆகவே வயது கேட்டது வாய் திறப்பதற்காகத்தான், உங்களை எடை போட அல்ல. பிப்ரவரி 14 அங்கே பெண்கள் ஆண்களுக்குக் கொடுக்கும் நாள். ஆண்கள் திருப்பிக் கொடுப்பது மார்ச் 14-ல். ஜப்பானிலும் இப்படித்தான். பாவம், அன்று அவரும் உங்களிடமிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்திருப்பார். 100-வது நாள் கொரியக் காதலர்களுக்குப் பெரிய நாள், பழக ஆரம்பித்த தேதியையே முதல் நாளாக வைத்து எண்ணுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து வருடம் முழுவதற்கும் நாட்காட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நாளில் போன் வராவிட்டால் உனக்கு வலிக்கும்? எந்த நாளில் குடும்பத்தோடு இருப்பாய், என்னால் உன்னைப் பிடிக்க முடியாது? இதைக் கேட்டு எழுதிவையுங்கள். பிரேசில்காரர்களுக்குக் காதலர் தினம் ஜூன் 12. பின்லாந்தில் ஜூன் இறுதியில் கோடை நடுத் திருநாள் வந்தால் ஊரே ஏரிக்கரைக் குடில்களுக்குக் கிளம்பிவிடும். முதல் வருடம் அந்த இரண்டு நாள் இவர் போனை எடுக்கவில்லை, நான் இங்கே செத்துப் பிழைத்தேன். அவர் என்னிடம் சொல்லாததற்குக் காரணம், இது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்ததுதான்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் நாட்டில் கடிகாரத்தை மாற்றும் வழக்கமில்லை. அவர் அமெரிக்காவில். வருடத்துக்கு இரண்டு தடவை எங்கள் போன் நேரம் குழம்பிப்போய், நீ வரவில்லை, நீதான் வரவில்லை என்று சண்டை. இதற்கு வழி?

பதில்: அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஐரோப்பாவில் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அதனால் இரண்டு கண்டத்துக்கும் நடுவில் காதலிப்பவர்களுக்கு மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் கணக்கே மாறிக் கிடக்கும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையில் காதலிப்பவர்கள் நிலைமையை யோசியுங்கள். ஒரே வருடத்தில் வித்தியாசம் 9 மணி நேரமாகவும் 10 ஆகவும் 11 ஆகவும் இருக்கும்.

போனிலேயே அவர் ஊர்க் கடிகாரத்தையும் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சந்திக்கும் நேரத்தை இரண்டு ஊர் நேரத்திலும் எழுதுங்கள். அப்புறம், யாருடைய தூக்கம் கெடுகிறது என்பதையும் கவனியுங்கள். எங்கள் விஷயத்தில் முதல் ஒரு வருடம் நான்தான் விழித்திருந்தேன். நானாகவே விழித்துவிட்டு அவர் மேல் கோபப்பட்டேன். அதன் பிறகு மாதம் மாற்றி மாதம் என்று முறை வைத்தோம். அது பெரிய நிம்மதி.

கேள்வி: (இந்தக் கடிதத்தில் இருந்த நாட்டின் பெயரை நான் நீக்கிவிட்டேன்.) என் போன் பாஸ்வேர்டை அவர் வாங்கிக்கொண்டார். இரவு முழுக்க வீடியோ கால் ஓட வேண்டும். தோழிகளோடு வெளியே போனால் இருக்கும் இடத்தை அனுப்பச் சொல்வார். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், “எங்கள் நாட்டில் காதல் என்றால் இப்படித்தான், உனக்குக் கலாச்சாரம் புரியவில்லை” என்கிறார். பொறுத்துப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு நாள்கூட வேண்டாம்.

நாட்டின் பெயரை எடுத்தது எதற்கு என்றால், அந்த நாட்டில் தன் காதலியை நிம்மதியாகத் தூங்க விடுகிற ஆண்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். இவர் ஒருவருக்காக அவர்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர் வர வேண்டாம்.

ஊர்ப் பழக்கம் என்றால் அது இரண்டு பேருக்கும் பொருந்தும். காதலர்களுக்குள் ரகசியம் இல்லை என்பது அவர் நாட்டு வழக்கம் என்றால், அவருடைய பாஸ்வேர்டு உங்களிடம் எங்கே? அவர் இருக்கும் இடம் உங்களுக்கு ஏன் வரவில்லை? நீங்கள் அந்த நாட்டைச் சேர்ந்த வேறு யாரையும் அறியமாட்டீர்கள், அந்தத் தைரியத்தில்தான் அவர் பேசுகிறார். முதல் பதிலில் நான் எழுதினேனே, நமக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர் என்று, அந்த இடைவெளிக்குள்தான் இவர் நுழைந்திருக்கிறார். அவருடைய அக்கா தங்கையிடமோ, நண்பரின் மனைவியிடமோ உங்களை ஒரு முறையாவது பேச விட்டாரா? அந்த நாட்டுப் பெண்கள் யாரிடமாவது விசாரியுங்கள், பதில் கிடைத்துவிடும். ஒருவேளை அது அங்கே நிஜமாகவே வழக்கமாக இருந்தாலும், மூச்சு முட்டுகிறது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எந்த நாட்டு வழக்கமும் உங்கள் சம்மதத்துக்கு மேல் இல்லை.

நம்பிக்கையான ஒரு தோழியிடம் முதலில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவள் பக்கத்தில் இருக்கும்போது பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயில், வங்கி எல்லாவற்றுக்கும். படங்களை வைத்து மிரட்டினால் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். வெட்கப்பட இதில் உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை. எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.

இதோடு சேர்த்து இன்னொரு கடிதத்துக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக வீடியோவில் முகமே காட்டாமல், “எங்கள் வீட்டில் பெண்கள் கேமரா முன் வரக் கூடாது” என்று சொல்லிக்கொண்டு, மூன்று முறை பணம் மட்டும் கேட்டிருக்கிறாரே ஒருவர், தம்பி, இனி அனுப்பாதீர்கள். வங்கியிலும் காவல்துறையிலும் உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்குப் பின் ஒன்றாக இருப்பதற்கு விசா எடுக்க வேண்டும். எங்கள் காதலுக்கு ஆதாரம் கேட்கிறார்கள். நம் அந்தரங்கத்தை யாரோ ஒரு அதிகாரி படிப்பதா என்று அவருக்குக் கோபம்.

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் ஆதாரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணக்கப் போகிறவருக்கான கே-1 விசாவுக்கு, மனு போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். உள்ளே போன 90 நாளுக்குள் கல்யாணம் ஆக வேண்டும். பிரிட்டனில் துணைவரை அழைத்துக்கொள்ள 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்டு, அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. ஜெர்மனிக்குப் போகும் துணைவர் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் ஏ1 என்கிற தொடக்க நிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் விண்ணப்பிக்கும் வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரையின் நகல், இருவர் குடும்பமும் சேர்ந்து இருக்கும் படம், இவை போதுமான அளவு இருந்தால் அந்தரங்கக் கடிதங்களில் பலவற்றைக் காட்டாமலே தப்பிக்கலாம். எது போகலாம், எது போகக் கூடாது என்று இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். எங்கள் கோப்புக்காக நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆறு வருடத்துச் செய்திகளை முதலிலிருந்து படித்தோம். அந்த டிராம் பயணத்துக்கு முந்தைய செய்திகளைப் படிக்கும்போது, “நீ ஏன் இப்படிக் கோபப்பட்டாய்?” என்று அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

கேள்வி: ஒன்றரை வருடம் திரையில் மட்டுமே பார்த்தவரை அடுத்த மாதம் அவர் நாட்டில் நேரில் பார்க்கப் போகிறேன். பத்து நாள். என்ன செய்ய வேண்டும், என்ன எதிர்பார்க்க வேண்டும்?

பதில்: முதல் இரண்டு நாள் அவர் அந்நியராகத் தெரிவார். குரல் வேறு மாதிரி இருக்கும், உயரம் வேறு மாதிரி இருக்கும், வாசனை புதிதாக இருக்கும். தப்பான ஆளைத் தேடி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றும். எனக்குத் தோன்றியது. தூங்கி எழுங்கள், சரியாகிவிடும்.

சுற்றிப் பார்க்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை செய்யும் இடம், நண்பர்கள் கூடும் இடம், அம்மா வீடு, இங்கெல்லாம் போங்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அவர் தன் மொழியில் தன் ஆட்களோடு பேசுவதை ஒரு மணி நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களோடு பேசும்போது தயங்கித் தயங்கிப் பேசுகிறவர் அங்கே சிரிக்கச் சிரிக்கப் பேசலாம். அல்லது அங்கேயும் அதே அமைதியோடு இருக்கலாம். அவருடைய அம்மா எப்படிக் கோபப்படுகிறார், நண்பர்கள் எப்படி விடைபெறுகிறார்கள், கடைக்காரர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, எல்லாவற்றையும் பாருங்கள். திரும்பி வந்தபின் போனில் அவரைக் கேட்கும்போது இவர்கள் எல்லோரும் உங்கள் நினைவில் இருப்பார்கள்.

விமான நிலையத்தில் ஓடி வந்து கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். என்னவர் என்னைக் கண்டதும் ஒரு சொல்லும் பேசவில்லை. கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து என் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை முட்டியது. வெளிக்கதவு திறந்து அந்தக் குளிர் முகத்தில் அறைந்தபோதுதான் அந்தத் துணி எதற்கு என்று தெரிந்தது.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.